சேலம் நகரின் வாசற்படிகள்

சேலம் என்றவுடன் நம் வாசகர்களுக்கு மாங்கனியும் இரும்பாலையும் ஏற்காட்டு மலையும் நினைவில் எழும். நாம் இங்கே எழுதப் புகுவது அந்தச் சேலத்தைப் பற்றியன்று. அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் மாநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலோரமாக அமைந்த சிறு நகரம் ஒன்றுக்கும் சேலம் என்றே பெயர். 1626-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேறிய அவ்வூருக்கு 1629-இல் இப்பெயர் சூட்டப்பட்டது. ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவந்த மெல்கிசெதேக்கு அரசாண்டதாகத் தொடக்க நூல் கூறும் ஊரின் பெயர் அது. அமைதி என்பது அதன் பொருள்.

ஆயினும் அவ்வூர் உலகறியப் பெயர் பெற்றது அமைதியால் அன்று. 1692-இல் அங்கும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நடைபெற்ற சூனிய வழக்குகளே அதன் பெயரைப் பரப்பின. இன்று அந்நகரக் காவல்துறையின் சின்னத்திலேயே துடைப்பத்தின்மீது பறக்கும் சூனியக்காரியின் உருவத்தைக் காணலாம். அக்டோபர் திங்கள் முழுவதும் அங்கே திருவிழாக் கூட்டந்தான். பல இலட்சம் மக்கள் வந்து போகின்றனர். 31-ஆம் நாள் மாலை அவ்விழா உச்சத்தை எட்டுகிறது. அந்நாளை ஹாலோவீன் என்கின்றனர்.

அப்பெயரைக் கேட்டுக் கத்தோலிக்கர் மருளவேண்டியதில்லை. நவம்பர் முதல் நாள் அனைத்துப் புனிதர் பெருவிழா. நம் பாட்டனார் காலத்தில் சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள் என்பர். பழைய ஆங்கிலத்தில் 'ஹாலோ' என்னும் சொல் புனிதரைக் குறிக்கும். அவ்விழாவின் முந்திய மாலையைக் குறித்த சொற்றொடரே தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. குளிர்காலம் பிறக்கும் எல்லையில் அயர்லாந்தின் பண்டைய மக்கள் கொண்டாடிய விழாவின் வழக்கங்களும் இதனோடு கலந்தன. இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகச் சொல்லி அப்பம் பெற்றனர். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, அவர்களுடைய பழக்கவழக்கங்களும் உடன் சென்றன. தாயகத்தில் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், புதிய நாட்டில் பரங்கிக்காயைக் குடைந்து விளக்கேற்றினர்.

நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் அப்பகுதியில் ஒரு பங்கில் பணியாற்றி வருகிறார். சில ஆண்டுகளுக்குமுன் அக்டோபர் இறுதியில் அவருடைய விருந்தினராகத் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. திருவிழிப்பு நாளன்று மாலை, பங்கு மக்கள் சிலரோடு சேலம் நகரத் தெருக்களில் நடந்தோம். மரங்களெல்லாம் செம்மையும் பொன்னிறமுமாய் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. குளிர்காற்று கடலிலிருந்து வீசிற்று. பழைய மரவீடுகளின் படிகளில் பரங்கிக்காய் விளக்குகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. எலும்புக்கூடாகவும் அரசியாகவும் கடற்கொள்ளையராகவும் வேடமிட்ட சிறுவர் சிறுமியர் கையில் பையுடன் கூட்டங்கூட்டமாய்ச் சென்றனர். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "டிரிக் ஆர் டிரீட்!" என்று கூவினர். இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா என்பது அதன் பொருள். வீட்டார் சிரித்த முகத்துடன் மிட்டாய்களைப் பையில் இட்டனர். அயலார் வீட்டுக் கதவைத் தட்டவே தயங்கும் அந்நாட்டில், ஓர் இரவேனும் எல்லாக் கதவுகளும் குழந்தைகளுக்காகத் திறந்திருந்தது கண்டு மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. ஒரு வீட்டின் முகப்புத் திண்ணையில் நாற்காலியொன்று கிடந்தது. அதில் வைக்கோல் அடைத்த சோளக்கொல்லைப் பொம்மை சாய்ந்திருந்தது. அதன் மடியில் மிட்டாய் நிறைந்த கிண்ணம். பெரிய பையன்கள் மூவர் படியேறிக் கிண்ணத்தில் கையிட்டனர். அந்நொடியே பொம்மை பெருங்குரலெழுப்பித் துள்ளி எழுந்தது! வீட்டுக்காரரே அவ்வாறு வேடமிட்டு அசையாது அமர்ந்திருந்தார். பையன்கள் அலறிப் படியிறங்கி ஓடினர். தெருவை எட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தனர். ஒருவன் மீண்டும் ஒருமுறை செய்து காட்டும்படி அவரை வேண்டினான். நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் மீண்டும் அமர்ந்தார். சற்றுப் பொறுத்து, வெண்சிறகு கட்டிய சிறுமி ஒருத்தி பாட்டியின் கையை விட்டுத் தனியே படியேறினாள். நான்கு வயதிருக்கும். நடந்ததை அவள் பார்க்கவில்லை. பொம்மை துள்ளி எழுந்தது. அவள் அலறவில்லை, ஓடவுமில்லை. பை கைநழுவி விழ, மிட்டாய்கள் படியெங்கும் சிதற, விறைத்து நின்றாள். அவளுடைய வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. பாட்டி ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்ட பின்னரே அழுகை வெடித்தது. தெருவில் நின்றோரில் சிலர் அப்பொழுதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தனர். நாம் சற்றுமுன் சிரித்த சிரிப்பு நமக்கே கசந்தது.

அன்றிரவு பங்கு இல்லத்தில் உணவருந்துகையில் இதுவே பேச்சாயிற்று. ஓர் இளந்தந்தை வீட்டுக்காரருக்காக வாதாடினார். "அச்சமில்லாத ஹாலோவீன் உண்டா? பயப்படுவதற்காகத்தானே பிள்ளைகள் வருகிறார்கள்! பயந்து, பிறகு சிரிக்கும் பிள்ளை துணிவு பெறுகிறது. எதற்கெடுத்தாலும் பொத்திப் பொத்தி வளர்த்தால் நாளை உலகத்தில் எப்படி நிற்கும்?" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மெல்லிய குரலில் மறுத்தார். "அந்தப் பையன்கள் மறுபடியும் செய்யச் சொன்னார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அந்தச் சிறுமி மறுபடியும் செய்யச் சொல்வாளா? அவளுக்கு அது என்ன என்பதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது" என்றார். மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை.

ஆசிரியையின் சொல்லை நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். இவ்வழக்கத்தின் வரலாறும் அவர் பக்கமே பேசுவதாக நமக்குத் தோன்றிற்று. அமெரிக்காவில் இவ்விரவின் குறும்புகளைச் செய்தவர்கள் தொடக்கத்தில் பெரியவர்கள் அல்லர், இளைஞர்களே. வேலிக் கதவுகளைக் கழற்றி ஒளித்தனர். சன்னல்களில் சோப்பைப் பூசினர். 1930-களில் இக்குறும்புகள் எல்லை மீறிச் சேதம் விளைவிக்கவே, ஊர்ப் பெரியவர்கள் விருந்தும் இனிப்பும் கொடுத்து இளையோரை அமைதிப்படுத்த முற்பட்டனர். இரண்டாம் உலகப்போரின் காலத்துச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947-இல் நீங்கியபின், வீடுதோறும் மிட்டாய் வாங்கும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. ஆகவே அந்த மிட்டாய் வெறும் தின்பண்டமன்று. ஓர் உடன்படிக்கையின் அடையாளம். நீ குறும்பு செய்யாதே, நான் இனிப்புத் தருகிறேன் என்று பெரியவர் சிறியவருக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்கை நம்பிப் படியேறிய பிள்ளைமீது பெரியவரே குறும்பைத் திருப்பினால், உடன்படிக்கையை மீறியவர் யார்?

1964-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் நடந்த நிகழ்ச்சியொன்று பலரும் அறிந்தது. வேடமிட்டு வர வயது கடந்துவிட்டவர்கள் என்று தமக்குத் தோன்றிய பிள்ளைகளுக்கு, ஓர் இல்லத்தரசி மிட்டாய்க்குப் பதிலாக எறும்புக்கொல்லி வில்லைகளையும் நாய் ரொட்டியையும் இரும்பு நார்ச்சுருளையும் பொட்டலமிட்டுக் கொடுத்தார். வேடிக்கைக்காகவே செய்ததாகக் கூறினார். நல்லவேளையாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. எனினும் நீதிமன்றம் அதனை வேடிக்கையாகக் கொள்ளவில்லை. அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நம் காலத்தில் குறும்பு வேறு உருவம் கொண்டது. 2011-இல் ஜிம்மி கிம்மல் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர், அமெரிக்கப் பெற்றோருக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். ஹாலோவீன் மறுநாள் தங்கள் குழந்தைகளிடம், "உன் மிட்டாய் முழுவதையும் நாங்கள் தின்றுவிட்டோம்" என்று பொய் கூறி, அவர்கள் படும் பாட்டைப் படமெடுத்து அனுப்பவேண்டும் என்பதே அது. அனுப்பினர். கதறி அழுத மழலைகளைக் கண்டு கோடிக்கணக்கானோர் சிரித்தனர். சில குழந்தைகள் அழுகையினூடே பெற்றோரை மன்னித்ததும் அப்படங்களில் உண்டு. அவர்களைக் கண்டு நம் உள்ளம் உருகியது. ஆனால் அப்பெருந்தன்மை அக்குழந்தைகளுக்கு உரியதேயன்றி, பொய்யுரைத்த பெற்றோருக்கு உரியதன்று. சோளக்கொல்லைப் பொம்மையாவது அயலார் வீட்டுத் திண்ணையில் இருந்தது. இப்பொய்யோ, அஞ்சிய குழந்தை எந்த மடியை நோக்கி ஓடுமோ அந்த மடியிலிருந்தே வந்தது.

நவம்பர் முதல் நாள் காலைத் திருப்பலிக்குப்பின், நண்பர் நம்மைச் சேலத்தின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அதை ஒட்டி 1992-இல் எழுப்பப்பட்ட நினைவிடம் இருக்கிறது. 1692-இல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்ட பத்தொன்பது பேருக்கும், வழக்கு விசாரணைக்கு உட்பட மறுத்ததால் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்ட முதியவர் ஒருவருக்கும், மதிற்சுவரிலிருந்து நீண்ட இருபது கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் நாளும். நுழைவாயிலின் தரைக்கற்களில், தாம் குற்றமற்றவர் என்று அவர்கள் முறையிட்ட சொற்களைப் பொறித்துள்ளனர். அச்சொற்கள் பாதியிலேயே சுவருக்கடியில் மறைந்துவிடுகின்றன. கேட்பாரற்றுப் போன குரல்கள் என்று காட்டவே அவ்வாறு அமைத்தனர் போலும்.

சாரா குட் என்னும் பெண்மணியின் பலகைமுன் நின்றோம். 1692 ஜூலை 19 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய மகள் டாரதி, அப்பொழுது நான்கு அல்லது ஐந்து வயதுக் குழந்தை. அவளும் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டுப் பல மாதங்கள் விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடந்தாள். உயிருடன் வெளிவந்தாள், ஆதலால் அவளுக்கு அங்கே கற்பலகை இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின், 1710-இல், அவளுடைய தந்தை அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். சிறையில் அடைந்த அச்சத்தால் மகள் அறிவு தடுமாறி, தன்னைத் தானே பேணிக்கொள்ள இயலாதவளாய் இருக்கிறாள் என்று அதில் முறையிட்டார்.

திண்ணையில் நடந்த ஒரு நொடி விளையாட்டையும் அப்பெருங்கொடுமையையும் ஒரே தராசில் நிறுக்க நாம் முற்படவில்லை. அது நேர்மையாகாது. ஆயினும், முந்தின நாள் விறைத்து நின்ற வெண்சிறகுச் சிறுமியின் முகம் அங்கே நம் கண்முன் வந்தது. அவளுக்கும் அதே வயது. பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய முடியாத வயது. நாம் பொம்மை என்று அறிவோம், அவள் அறியாள். சேலத்துப் பெரியவர்கள் அன்று மறந்தது, சிறு பிள்ளையின் அச்சம் அப்பிள்ளைக்கு மெய்யானது என்பதை. அதே ஊரில் இன்று நாமும் அதை மறந்து சிரித்தோம்.

அயலானை ஏமாற்றிவிட்டு, விளையாட்டுக்குச் செய்தேன் என்பவனை, கண்டபடி கொள்ளிகளையும் அம்புகளையும் எறியும் பித்தனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் நூல். விளையாட்டு என்ற சொல் காயத்தை ஆற்றாது என்பதை அந்நூலாசிரியர் அன்றே அறிந்திருந்தார். அச்சமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மறுபடியும் செய்யுங்கள் என்று கேட்ட பையன்களுக்கு அது நல்ல விளையாட்டு. யார்மீது செய்யப்படுகிறதோ அவர் இறுதியில் சேர்ந்து சிரிக்க இயலுமானால் அது வேடிக்கை. அவர் அழ, மற்றவர் மட்டும் சிரிப்பராயின் அதற்கு வேறு பெயர் உண்டு.

அந்த வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் முடித்தால் அவருக்கு அநீதி இழைத்தவராவோம். சிறுமி அழத் தொடங்கியதும் அவர் தம் முகமூடியைக் கழற்றி எறிந்தார். குளிர்ந்த படியில் முழந்தாளிட்டு, தம் முகத்தை அவளுக்குக் காட்டினார். நரைத்த தாடியும் கலங்கிய கண்களுமாய் அவரும் ஒரு தாத்தாதான். சிதறிய மிட்டாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் இட்டார். அவள் அதை வாங்கவில்லை, பாட்டிதான் வாங்கிக்கொண்டார். நாம் திரும்பி அவ்வழியே வருகையில் திண்ணை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகமூடி நாற்காலியின் கைப்பிடியில் தொங்கியது. வளர்ந்த பையன்கள் வரும்போது அதை அணிந்தார். சிறு பிள்ளைகள் வருகையில் கழற்றிவிட்டு, படியிறங்கி வந்து கிண்ணத்தை நீட்டினார்.

அன்பார்ந்த பெற்றோரே! ஹாலோவீன் நம் ஊர் வழக்கமன்று. ஆனால், உண்ண மறுக்கும் பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டாத வீடு நம்மிடையே எத்தனை? இருட்டறையில் விட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்று சிரிக்காத மாமன்மார் எத்தனை பேர்? அடுத்த முறை அவ்வாறு செய்யத் தோன்றும்போது, குழந்தையின் முகத்தை ஒருகணம் உற்று நோக்குவோம். அது சிரிக்கவில்லையாயின், நாமும் முகமூடியைக் கழற்றிவிட்டுப் படியிறங்குவோம்.