எடைக்குப் போடுவதா, ஓட வைப்பதா? ஷெட்டில் நிற்கும் அப்பாவின் ஹெரால்டு!

காயலாங்கடைக்காரர் சொன்ன விலை 25,000 ரூபாய். டிங்கரிங் மெக்கானிக் சொன்ன செலவு 4 லட்சம். "அதுக்கு மேலயும் இழுக்குமுங்க" என்று கடைசியில் ஒரு வார்த்தை வேறு. இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குடும்பம் மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

தென்னந்தோப்பு ஷெட்டில் 22 வருடமாக நிற்கிறது அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. தோப்பும் கைமாறிவிட்டது. வாங்கியவர், தை பிறப்பதற்குள் ஷெட்டைக் காலி செய்து தரச் சொல்லிவிட்டார். அதுவரை 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட விஷயம், திடீரென்று தேதி குறித்து வந்து நின்றது.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம். 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதைச் சென்னையில் தயாரித்தது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய சாலைகளில் இதன் ஒய்யாரமே தனி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் எழும்பும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இதே சேஸின் நீளத்தைக் குறைத்துத்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினார்கள். ஆக, அந்த ஷெட்டில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஒன்றுவிட்ட அண்ணன்!

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு 70 வயதிருக்கும். பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் சாக்கு விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் துருவும் பழைய பட்டியும்தான். சில இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.

நல்ல செய்தி, சேஸின் நடு எலும்பு உறுதியாக இருக்கிறது. இன்றைய கார்களைப்போல் பாடியே சேஸாக இருந்திருந்தால், இந்தத் துருவுக்கு அன்றே கதை முடிந்திருக்கும். ஹெரால்டில் சேஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி பகுதி பகுதியாகக் கையோடு வந்துவிடும். சேஸின் பக்கவாட்டுத் தாங்கிகள் அரித்திருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டுப் புதிதாக வெல்டிங் வைக்கலாம். பிரேக், முன்பக்க சஸ்பென்ஷன் சாமான்களுக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் இன்னும் இருப்பதால், புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். இது நான்கு கதவு ஹெரால்டு. அந்த வகை இந்தியாவில் மட்டுமே வந்தது. இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்கு இரண்டே கதவுகள். இடதுபக்கப் பின்கதவின் கீழ்ப்பாதி மொத்தமாக உதிர்ந்திருந்தது.

"சேஸைக்கூடச் செஞ்சரலாமுங்க. இந்தக் கதவுக்கு எங்கீங்க போறது? தகடு வாங்கிக் கையால தட்டித்தான் எடுக்கோணும்" என்றார் மெக்கானிக். 4 லட்சத்தில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்குத்தான். அவ்வளவும் செலவழித்துவிட்டு விற்றால், போட்ட பணம் திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அப்படிச் சொல்கிற மெக்கானிக் கிடைத்ததே இந்தக் குடும்பத்தின் அதிர்ஷ்டம்.

தம்பிக்கு வயது 54. வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். கையில் இருக்கும் பணத்தில் மகனின் மேற்படிப்புக்கு எடுத்து வைத்தது போக மிஞ்சுவது ஏறக்குறைய அதே 4 லட்சம்தான். 18 வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச் சொல்லிக்கொடுத்த வண்டி. அவரால் அதை எடைக்குப் போட முடியாது.

அம்மாவுக்கு அப்படி எந்த மயக்கமும் இல்லை. "மழைக்கு மாட்டைக் கட்ட எடமில்லாதப்பகூட காரு நனையக் கூடாதுன்னு நின்னவரு உங்கப்பா. மாடு நனைஞ்சுது" என்றார். 80 வயதிலும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அடுத்தது ஆவணம். ஆர்.சி. புக் இன்னும் அப்பா பெயரில்தான். வாரிசுக்கு மாற்ற படிவம் 31 கொடுக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அதாவது, அக்காவின் கையெழுத்து.

50 வருடம் தாண்டிய கார் என்பதால் 'வின்டேஜ்' வாகனமாகவும் பதியலாம். 2021-ல் வந்த விதிப்படி கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். பழைய நம்பரையும் இழக்க வேண்டாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முக்கியமாக, தினசரிப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது... இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். சாதாரணப் பதிவைப் புதுப்பித்தால் இந்தக் கட்டு இல்லை. ஆனால் வண்டி ஆய்வில் தேற வேண்டும், விட்டுப்போன வருடங்களுக்கு அபராதமும் கட்ட வேண்டும்.

தம்பிக்கு வின்டேஜ் மீது ஆசை. 58 வயது அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "அப்போ மாசாணியம்மன் கோயிலுக்கு இதுல போக முடியாதா?"

முடியாது என்றார் தம்பி.

"உனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பின்சீட்டுதான். கேட்டப்ப, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டார். மறுபடி ஷெட்டுல நிறுத்தி வெச்சுப் பார்க்கறதுக்குன்னா நான் கையெழுத்து போட மாட்டேன். ரோட்டுல ஓடணும். எனக்கும் ஓட்டக் கொடுக்கணும்."

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 40 வருடத்தில் அக்கா இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

முடிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. கடைசியில் இப்படிப் பேசிக்கொண்டார்கள்: சாதாரணப் பதிவு. முதல் கட்டமாக ஒரு லட்சம், அதில் பாதி அக்காவுடையது. அதற்குள் சேஸ், பிரேக், இன்ஜின். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பழைய ரப்பர் தாங்காது என்பதால், பெட்ரோல் குழாய்கள் மொத்தமும் புதிது. பெயின்ட் பற்றி யாரும் பேசக் கூடாது. இன்ஜின் ஜாம் ஆகித் தேறாது என்று தெரிந்தால், அதோடு நிறுத்திக்கொள்வது.

மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டருக்குள் ஆயிலை ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். எட்டாவது நாள் கையால் திருப்பியபோது, முதலில் அசையவே இல்லை. பிறகு கால் சுற்று வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று.

அக்கா படிவத்தில் கையெழுத்து போட்டுவிட்டார். கூடவே எல்.எல்.ஆருக்கும் விண்ணப்பித்திருக்கிறார்.