சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க?

முன்குறிப்பு: கிளுகிளுப்பு தேடி வந்த அன்பர்கள் இப்படியே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். இது கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

போன மாசம் ரிலீஸ் வேலை முடிஞ்ச கையோட, பழைய அமெரிக்க டாக் ஷோக்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கிட்டிருந்தேன். ஒண்ணைத் தொட்டு இன்னொண்ணுன்னு போய் நின்ன இடம் லிண்டா லவ்லேஸ். நிஜப் பேர் லிண்டா போர்மன். 1972 ஜூன்ல நியூயார்க்ல ரிலீஸான ‘டீப் த்ரோட்’ படத்தோட நாயகி. வாட்டர்கேட் விவகாரத்துல வாஷிங்டன் போஸ்டுக்குத் தகவல் கொடுத்த ரகசிய ஆளுக்கு இந்தப் படத்தோட பேரைத்தான் வெச்சாங்க. அந்த ஆள் எஃப்.பி.ஐ.யின் மார்க் ஃபெல்ட்ங்கிறது 2005-லதான் வெளியே வந்தது.

சுமார் 25 ஆயிரம் டாலர்ல எடுத்த படம். பணம் போட்டது மாஃபியா தொடர்புள்ள பெரைனோ குடும்பம். வசூல் எவ்வளவுன்னு ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. மூட்டை மூட்டையா ரொக்கத்துல நடந்த வியாபாரத்துக்கு ஆடிட் ரிப்போர்ட்டா இருக்கும்? அந்தத் தொழிலோட வரலாற்றுக்கே இது ஒரு பெரிய சிக்கல். நடிச்சவங்களுக்குப் பொய்ப் பேரு, ஒப்பந்தம்னு காகிதம் கிடையாது, போலீஸ் பயம் வேற. அதனால யார் எப்போ கேமரா முன்னாடி உக்காந்து என்ன பேசினாங்களோ, பெரும்பாலும் அதுதான் ஆவணம். அப்புறம் கோர்ட் ரெக்கார்டு. இந்தப் படத்துல நடிச்ச ஹாரி ரீம்ஸ் மேல மெம்ஃபிஸ்ல கேஸ் போட்டு 1976-ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. மறுவருஷமே அது ரத்தும் ஆச்சு.

சரி, லிண்டாவுக்கு வருவோம். படம் ஓடின காலத்துல அவங்க கொடுத்த பேட்டிகள்ல ஒரே சிரிப்பு. எனக்குப் பிடிச்சிருந்தது, நானா விரும்பித்தான் செஞ்சேன்னு சொல்றாங்க. அவங்க பேர்ல புத்தகங்கள்கூட வந்தது. டிவி காமெடியன்கள் அந்தப் படத்தை வெச்சு ஜோக் அடிச்சாங்க. நியூயார்க் டைம்ஸ் இதழ் 1973-ல இதை ஒரு ஃபேஷனாவே எழுதினது.

1980-ல ‘ஆர்டீல்’னு ஒரு சுயசரிதை வருது. அதுல கதையே தலைகீழ். அப்போதைய கணவர் சக் ட்ரெய்னர் அடிச்சு, துப்பாக்கியைக் காட்டி மிரட்டித்தான் தன்னை நடிக்க வெச்சார்னு எழுதியிருந்தாங்க. படத்துலேயே என் கால்ல அடிபட்ட தடம் தெரியும், பாருங்கன்னாங்க. அந்தப் படத்துக்கான சம்பளம் 1,250 டாலர். அதையும் ட்ரெய்னரே எடுத்துக்கிட்டாராம். புத்தகம் போடுறதுக்கு முன்னாடி பதிப்பாளர் அவங்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு அனுப்பினார்!

அந்த வருஷம் ஃபில் டோனஹ்யூ ஷோவுக்கு வந்தாங்க. டோனஹ்யூவைத் தெரியாதவங்களுக்கு: 1967-ல ஒஹாயோவில் ஆரம்பிச்சு 1996 வரைக்கும் ஓடின ஷோ. மைக்கைத் தூக்கிக்கிட்டு பார்வையாளர்கள் நடுவுல ஓடி, அவங்களையே கேள்வி கேட்க வைக்கிற பாணியைப் பிரபலமாக்கினவர். 2024-ல காலமானார். நம்ம ஊர் டிவி விவாத மேடை வரைக்கும் அந்த மைக் வந்து சேர்ந்திருக்கு.

அங்கே கேட்ட கேள்விகள் என்ன தெரியுமா? உங்க குழந்தைப் பருவம் எப்படி? உங்க வளர்ப்புல என்ன கோளாறு, இப்படிப்பட்ட இடத்துக்குப் போய் மாட்டிக்கிட்டீங்க? பெண்ணியவாதி க்ளோரியா ஸ்டைனெம் இதைப் பத்தி அப்பவே எழுதினார். அவர் வாதம் இதுதான்: லிண்டா சொல்றது உண்மைன்னா, இந்தக் கேள்வி ‘உன் வளர்ப்புல என்ன குறை, வதைமுகாமுக்குப் போய்ச் சேர்ந்தே’ன்னு கேக்கிற மாதிரி. யாரும் ட்ரெய்னரோட வளர்ப்பைப் பத்திக் கேக்கலை.

ட்ரெய்னர் மறுத்தார். சண்டையில கை நீட்டியிருக்கேன், ஆனா கட்டாயப்படுத்தலைன்னார். அந்தத் தொழில்ல இருந்த பலர் லிண்டாவை நம்பலை. நம்பாததுக்கு அவங்க காட்டின ஆதாரம் அந்தப் பழைய பேட்டிகள்தான். ‘சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தா?’

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, இதே வாக்கியத்தை நான் நேர்ல கேட்டிருக்கேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, மேலதிகாரி மேல ஒரு பொண்ணு புகார் கொடுத்தாங்க. மறுநாள் கேன்டீன்ல ஒருத்தர் மொபைலை எடுத்து டீம் அவுட்டிங் போட்டோவைக் காட்டினார். ‘பாருங்கப்பா, பக்கத்துல நின்னு எப்படி சிரிக்குது!’ மேஜையில இருந்த அத்தனை பேரும் போட்டோவை ஜூம் பண்ணிப் பார்த்தாங்க. ‘போட்டோ எடுக்கிறவன் சிரிங்கன்னுதானே சொல்லுவான்?’னு நான் கேட்டேன். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு மாசத்துல அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டாங்க.

நம்ம தொழில் பாஷையில சொல்லணும்னா, லாக் ஃபைல்ல ‘சக்சஸ்’னு இருந்தா அந்த வரி பிரின்ட் ஆச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள என்ன நடந்துச்சுங்கிறது வேற. 1973-ல சிரிச்ச லிண்டாவை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது. பேட்டி எடுத்தப்போ அறையில யார் நின்னாங்க, காசு யார் கைக்குப் போச்சு, வேண்டாம்னு சொல்ல வழி இருந்துச்சா... இதையெல்லாம் சேர்த்துப் படிக்கணும்.

இந்த அளவுகோலை மறுபக்கமும் வைக்கணும், அதுதான் நேர்மை. லிண்டா அப்புறம் ஆபாசப்பட எதிர்ப்பு இயக்கத்தோட நின்னாங்க. 1986 மீஸ் கமிஷன் விசாரணையில சாட்சி சொன்னாங்க. பின்னாடி, அந்த இயக்கத்துக்காரங்களும் தன்னைப் பயன்படுத்திக்கிட்டாங்கன்னு வருத்தப்பட்டாங்க. ஒவ்வொரு மேடைக்கும் அவங்க ஒரு விதமா தேவைப்பட்டாங்க போல. 2002 ஏப்ரல்ல கார் விபத்துல அடிபட்டு இறந்தப்போ வயசு 53. சில மாசத்துல ட்ரெய்னரும் போயிட்டார்.

இப்போ ‘ரியால்டோ ரிப்போர்ட்’னு ஒரு பாட்காஸ்ட் 2013-லேருந்து அந்தக் காலத்து ஆட்களைத் தேடிப் பிடிச்சு, நிதானமா, நீளமா பேட்டி எடுக்குது. நாயகிகளோட நிக்காம, கேமராவுக்குப் பின்னாடி இருந்தவங்களையும் பேச விடுறாங்க. ஸ்டூடியோ கூட்டம் இல்லை, விளம்பர இடைவேளைக்குள்ள கண்ணீர் வரணும்ங்கிற அவசரமும் இல்லை.

டோனஹ்யூ பேட்டியைத் தேடிப் பார்க்கிறவங்க லிண்டா முகத்தை விட, கேள்வி கேக்கிறவங்க முகத்தைக் கொஞ்சம் கவனிங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேரை எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: அந்தக் கேன்டீன் போட்டோ கோஷ்டியில யாராவது இதைப் படிச்சா, கிரிக்கெட் பத்தி அப்புறம் பேசிக்கலாம் தல.