முள் இல்லாத தராசு

நமுனுகுல மலைச் சரிவிலே ஒரு தோட்டத்து வாசிகசாலை. பதுளையிலிருந்து பஸ் ஏறி, இறங்கிய பின்னும் இரண்டு கட்டை நடக்கவேண்டும். அங்கேதான் ஞாயிறுதோறும் ஒரு சித்திர வகுப்பை நடத்தி வருகிறேன். கட்டணம் இல்லை, வயதெல்லையும் இல்லை.

முதல் நாள், "உங்கள் தோட்டத்தை வரையுங்கள்" என்றேன். வந்த படங்களைக் கண்டு திகைத்துப்போனேன். எல்லாவற்றிலும் ஒரே பச்சை மலை, ஒரே சூரியன், நகையணிந்து புன்னகை பூக்கும் ஒரே பெண். தேயிலைப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் பெண் அவள்! இடுப்பிலே படங்கு கட்டி, கூடைக் கயிறு தலையை அழுத்த, அட்டைக் கடியோடு மலையேறும் தன் தாயை ஒரு பிள்ளைகூட வரையவில்லை. தாயும் படத்துக்குரியவளே என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.

இதில் வியப்பென்ன? எழுத்திலே சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தம் மக்களின் வாழ்வைத் தாமே சொன்னார்கள். படத்திலோ, நெடுங்காலம் பிறர் காட்டியதே மலையகம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாள் என்றாலே பிறர் எழுதத் தாம் கைநாட்டு வைக்கும் பொருள் என்று பழகிய தலைமுறைகள் இவை. அந்த வீட்டுப் பிள்ளை வெள்ளைத் தாளைக் கண்டு அஞ்சினால் குற்றம் யாருடையது?

ஆகவே வெள்ளைத் தாளை ஒதுக்கிவைத்தேன். கிழிந்த தேயிலைச் சாக்குகளின் பழுப்புத் தாளைக் கொடுத்தேன். பழுப்பு, இருளுக்கும் ஒளிக்கும் நடுப்பட்ட நிறம். அடுப்புக் கரியால் நிழலும் சுண்ணாம்பால் ஒளியும் இட்டால் உருவம் எழுந்து நிற்கும். பிழைத்தாலும் தாள் பாழாயிற்றே என்ற அச்சமில்லை. பழைய கலண்டர்களின் பின்புறத்திலே தேயிலைச் சாயத்தைத் தீட்டினோம். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் ஊறவைத்து, அந்த நீரைக் கலந்தால் சாயம் கறுக்கும். எட்டத்து மலைக்கு நீர் மிகுந்த சாயம், அடுத்ததற்குச் சற்றுக் கடுஞ்சாயம், கிட்டத்துச் சரிவுக்குக் கறுப்பு. மூடுபனி நாள்தோறும் காட்டும் பாடந்தான் இது.

இது புதிய முயற்சியன்று. யாழ்ப்பாணத்திலே 1938இல் எஸ். ஆர். கனகசபை வின்ஸர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார், பின்னர் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நிறுவினார். பள்ளிக்கூட மணிக்கு அப்பாலும் ஓவியத்துக்கு இடம் தேடிய அத்தகைய முயற்சிகள் மலையகத்துக்கு எத்தனை வேண்டும்!

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், மகளை அழைத்துப்போக வந்த தாய் ஒருவர் வாசலிலே நின்றார். "உள்ளே வாங்கம்மா, நீங்களும் ஒரு கரித்துண்ட எடுங்க" என்றேன்.

"எனக்கு எங்க சேர் வரும்? இது கொழுந்து பறிக்கிற கை" என்று சிரித்தார்.

முற்றலை விட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய் நொடியில் தேர்ந்தெடுக்கும் கை அது. ஓவியனுக்கு வேண்டியது வேறென்ன? சொன்னேன், அவர் நம்பவில்லை. கூடையொன்றை முன்னே வைத்து, "தாளப் பாக்காதீங்க, கூடையை மட்டும் பாருங்க" என்றேன். கோணலாகத்தான் வந்தது, எனினும் கூடையாகவே வந்தது. நான் புகழவில்லை. பின்னல் எங்கே தவறியது என்று மட்டும் காட்டினேன், அவரே திருத்தினார். தன் பிழையைத் தானே திருத்திய கையிலேதான் நம்பிக்கை பிறக்கிறது. அடுத்த ஞாயிறு அவர் அழைக்காமலே வந்தார்.

சில வாரங்களின் பின் அவர் கொழுந்து மடுவத்தை வரைந்தார். நடுவிலே, மனிதரைவிடப் பெரிதாக ஒரு தொங்கு தராசு. அதன் வட்டம் வெறுமையாக இருந்தது.

"முள்ளையும் இலக்கத்தையும் விட்டுட்டீங்களே" என்றேன்.

"நாங்க எங்க சேர் அதப் பாத்தோம்? முகம் அவங்க பக்கம் இருக்கும், எங்களுக்கு முதுகுதான். அவங்க சொல்றதுதான் நிறை."

வாசிகசாலையில் எவரும் பேசவில்லை. பிழை என்று நான் எண்ணியது பிழையன்று. அவர் கண்டதைக் கண்டபடியே வரைந்திருந்தார். பார்க்கத் தவறியவன் ஆசிரியனாகிய நானே.

மறுவாரம் அவரும் வேறு நான்கு பெண்களும் தராசைத் தங்கள் பக்கம் திருப்பித் தொங்கவிடுமாறு கேட்டார்களாம். முதல் நாள் மறுப்பு. மூன்றாம் நாள் திருப்பப்பட்டது. நிறையிலே கழிப்பது இன்னும் நின்றபாடில்லை. ஆனால் எவ்வளவு கழிகிறது என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும்.

ஓவியம் தராசைத் திருப்பியது என்று நான் பெருமை பேசமாட்டேன். திருப்பியவர்கள் அப்பெண்கள். நாள்தோறும் கண்டு பழகிப்போன ஒன்றை, அனைவரும் நின்று பார்க்கும்படி சுவரிலே மாட்டியது மட்டுமே ஓவியத்தின் வேலை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! சித்திரத்தைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் ஒரு வாசிகசாலை இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இருக்கும், அடுப்பிலே கரி இருக்கும். இவை போதும், தொடங்குங்கள்.