மஞ்சள் விளக்குக்கு ஒரு பொட்டு!

கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் நம் ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வி 'சௌக்கியமா?' இல்லை. 'என்ன மைலேஜ் குடுக்குது?' என்பதுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்கிற மாதிரி, எல்லோரும் இதில் கொஞ்சம் சேர்த்தே சொல்வார்கள்.

என் மாமா (அத்தையின் வீட்டுக்காரர்) மட்டும் விதிவிலக்கு. கணக்கெழுதியே ரிட்டயர் ஆன மனிதர். போட்ட பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாக இருக்கும். நான் பி.காம். படித்ததால், அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற பாக்கியம் எனக்கு மட்டும் உண்டு.

மீன்சுருட்டியில் சென்னை-கும்பகோணம் ரோடும், திருச்சி-சிதம்பரம் ரோடும் சந்திக்கின்றன. எந்தப் பக்கம் போகவும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அத்தைக்கு இதயத்தில் கோளாறு. மாதாமாதம் பாண்டிச்சேரி ஜிப்மருக்குப் போய் வர வேண்டும். சிதம்பரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, நின்றுகொண்டே போய்... முடியாது. அதற்காகத்தான் மாமா 2014 மாடல் சின்னக் கார் ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினார்.

போன வருஷம் ஒருநாள் நோட்டை என் முன்னால் போட்டார்.

"பதினஞ்சு குடுத்த வண்டி மாப்ளே. இப்ப பதினொண்ணு. வித்துடலாம்னு இருக்கேன். புரோக்கர் நாளைக்கு வர்றான்."

"நான் பஸ்லயே போய்க்கிறேன்டா" என்றாள் அத்தை உள்ளேயிருந்து. அந்தக் குரலில் 'போய்க்கிறேன்' என்பதைத் தவிர எல்லாம் இருந்தது.

வண்டியை எடுத்துப் பார்த்தேன். ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் வட்டமாக, சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. திருஷ்டிக்காக இருக்கும் என்று நினைத்து மாமாவைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல மாப்ளே. ஒரு மஞ்சள் லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. ராத்திரியில கண்ணை உறுத்துது. அதான் அத்தைகிட்ட ஒரு பொட்டு வாங்கி ஒட்டிட்டேன்."

பொட்டுக்குக் கீழே பத்திரமாக எரிந்துகொண்டிருந்தது செக் என்ஜின் லைட்!

ஜெயங்கொண்டத்தில் ஒரு மெக்கானிக் தம்பியிடம் கொண்டு போனோம். ஸ்கேனரைச் செருகினான். பி0131 என்று வந்தது. "ஆக்சிஜன் சென்சார் சார்" என்றான்.

மாமா திடுக்கிட்டார். பாவம், ஆக்சிஜன் என்றதும் அவருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்.

இது வேறு ஆக்சிஜன். என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே, புகை போகிற பைப்பில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று மாட்டியிருக்கும். புகையில் எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சென்சார் கல்யாண சமையல்காரரின் நாக்கு என்றால், காரில் இருக்கிற கம்ப்யூட்டர் அவரது கை. நாக்கு 'உப்பு பத்தலை' என்றால் கை கொஞ்சம் போடும். 'கரிக்குது' என்றால் குறைக்கும். ஆரோக்கியமான சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். மாமா காரில் அது 0.1-லேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதாவது, 'பெட்ரோல் பத்தலை, பத்தலை' என்று ஓயாத புலம்பல். கம்ப்யூட்டரும் நம்பி ஊற்றும். சென்சார் புளுகுகிறது என்று கண்டுபிடித்த பிறகாவது ஊற்றுவதை நிறுத்துமா என்றால், அதுவும் இல்லை. மனப்பாடம் செய்து வைத்த கணக்குப்படி ஓட்டும். என்ஜினுக்கு ஆபத்து வரக்கூடாதே என்று அந்தக் கணக்கும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் உடனே சென்சாரை மாற்ற வேண்டியதுதானே? இங்கேதான் அந்தத் தம்பியை எனக்குப் பிடித்துப் போனது. "இருங்க சார், லீக் இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றான். சென்சாருக்கு முன்னால் பைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, நல்ல சென்சாரையே பொய் சொல்ல வைத்துவிடுமாம். தூது வந்தவனை மாற்றி என்ன பிரயோஜனம்? பைப் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தான். குமிழி இல்லை. ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதிக்கச் சொன்னான். வோல்ட் 0.9-க்கு எகிற வேண்டும். அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, வயசாகிவிட்டது என்று அதன் பிறகுதான் தீர்ப்புச் சொன்னான்.

இந்தச் சமாசாரத்துக்கும் வயசு ஐம்பதாகிறது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்து, 1976-ல் ஸ்வீடனின் வால்வோ கார் மாட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டுக்குப் பயந்துதான்! நம் ஊரில் அப்போது கார்புரேட்டர் காலம். மெக்கானிக்கின் மூக்குதான் சென்சார், ஸ்க்ரூடிரைவர்தான் கம்ப்யூட்டர். தவிர, பெட்ரோலில் ஈயம் வேறு கலந்திருக்கும். ஈயம் பட்டால் இந்தச் சென்சார் சுருண்டுவிடும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாகி, ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. 2000-ல் தேசம் முழுக்க ஈயம் ஒழிந்தது.

கன்வெர்ட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் சூடு தாங்காமல் உள்ளே உருகிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று நகைக்கடை சாமான் உள்ள வஸ்து அது. விலை சென்சாரைப் போலப் பல மடங்கு. மாமாவின் பொட்டு இன்னும் ஆறு மாசம் ஒட்டியிருந்தால் அந்தச் செலவும் வந்து சேர்ந்திருக்கும்.

சென்சார், கூலி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். சில கார்களில் இரண்டு சென்சார் இருக்கலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது கன்வெர்ட்டரைக் கண்காணிக்கிற வாட்ச்மேன்தான். அதை மாற்றினால் பொதுவாக மைலேஜ் கூடாது. 'ரெண்டையும் மாத்திடுவோம் சார்' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இதைத் தம்பியே சொன்னான்.

அமெரிக்க அரசாங்கத்தின் எரிபொருள் சிக்கன ஆலோசனையில், கெட்டுப்போன ஆக்சிஜன் சென்சாரைச் சரிசெய்தால் மைலேஜ் 40 சதவிகிதம் வரை கூடலாம் என்று இருக்கிறது. இந்த 'வரை'யை ஆடித் தள்ளுபடி போர்டில் வரும் 'வரை' போலவே படிக்க வேண்டும். நூறு புடவையில் ஒரு புடவைக்குத்தான் அந்த 50 சதவிகிதம். மாமாவின் நோட்டுப்படி 11 என்பது 14 ஆனது. 27 சதவிகிதம். மாசம் 600 கிலோமீட்டருக்கு முன்பு 54½ லிட்டர், இப்போது 43-க்குள். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 1,150-க்கு மேல். போட்ட காசு நாலாவது மாசத்துக்குள் கைக்கு வந்துவிட்டது.

"அந்தப் பதினஞ்சு எங்க மாப்ளே?" என்று மாமா விடாமல் கேட்கிறார். கொஞ்சம் வண்டியின் வயசு, கொஞ்சம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால். 20 சதவிகிதம் எத்தனால் கலந்தால், அதற்காக வடிவமைக்காத பழைய கார்களில் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ம் வருஷத்து அறிக்கையே சொல்கிறது. எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது திரும்பி வராது.

கார் இல்லாத இளவட்டங்களே, சிரிக்காதீர்கள்! 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான பைக்குகளிலும் இதே சென்சார், இதே மஞ்சள் விளக்கு உண்டு.

புரோக்கர் போன வாரமும் போன் பண்ணினான். அத்தைதான் எடுத்தாள். "வண்டி பாண்டிச்சேரி போயிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். வண்டி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.