இரு பாதிகளாய் வந்த படம்

மதுரை நகரத் தெருக்களிலும், வைகைப் பாசனத்தை நம்பி வாழும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் தவறாது காண்பதொன்று உண்டு. அலமாரியின் மேல்தட்டில், திருமண ஆல்பத்திற்கு அருகே, பழைய வீடியோ கேசட் ஒன்று தூசி படிந்து கிடக்கும். அதனை ஓட்டிப் பார்க்கும் கருவி அவ்வீட்டில் இராது. எனினும், அதைத் தூக்கி எறிய எவருக்கும் மனம் வருவதில்லை. அந்த மனத்திற்கு நாம் துணை நிற்கவே இதனை எழுதுகின்றோம்.

அண்மையில் நமது பங்கைச் சேர்ந்த குடும்பத்தார் ஒருவர், தந்தையின் மணிவிழாவிற்கென அரைமணி நேரப் படமொன்றைத் தொகுக்க விரும்பினர். 1991-ல் நடந்த திருமணத்தின் கேசட்டும், பேரப்பிள்ளைகளைக் கைபேசியில் எடுத்த காட்சிகளும் அதில் இடம்பெற வேண்டும். கேசட்டை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றி வாங்கியிருந்தனர். அதிலே, மணமகனின் தாயார் கோவிலுக்குப் புறப்படும் மகனின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி வழங்கும் காட்சி ஒன்று உண்டு. அவ்வம்மையார் மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. அவர் நடமாடும் காட்சி வேறெதுவும் அக்குடும்பத்தாரிடம் இல்லை. ஆனால் அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் விரல்களின் ஓரம் சீப்பின் பற்களைப்போல் பிளந்து தெரிந்தது. "சாமி, கேசட் கெட்டுப்போச்சா? பாட்டி கை ஏன் இப்படிக் கிழிஞ்சு தெரியுது?" என்று பேத்தி நம்மிடம் வினவினாள். குருமடத்தில் பயின்ற நாள்களில் வீடியோ கருவியை இயக்கும் பொறுப்பு நம்மிடம் இருந்ததால், இத்துறை நமக்கு முற்றிலும் புதிதன்று.

கேசட் கெடவில்லை. அப்படம் பிறந்த முறையே அத்தகையது. 1936-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இரு முறைகள் மாறிமாறிச் சோதிக்கப்பட்டன. பேர்டு என்பாரின் நிறுவனம் 240 வரிகளை மேலிருந்து கீழாக வரிசையாய் வரைந்தது; இதுவே புரோகிரஸிவ் முறை, அதாவது தொடர்வரி முறை. மார்க்கோனி - இ.எம்.ஐ. நிறுவனம் 405 வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரு தவணைகளில் வரைந்தது. இது இண்டர்லேஸ் முறை, அதாவது பின்னல்வரி முறை. 1937-ன் தொடக்கத்திலேயே பின்னலே வென்றது. நொடிக்கு 25 முறை மட்டும் திரை ஒளிர்ந்தால் கண்ணுக்குத் துடிப்புத் தெரியும். 50 முழுப் படங்களை அனுப்பவோ அலைவரிசையில் இடமில்லை. ஆகவே நொடிக்கு 50 அரைப் படங்களை அனுப்பினர். கண் அவற்றை இணைத்துக்கொண்டது.

நமது நாடு பின்பற்றிய பால் முறையும் இதே வழியைச் சார்ந்ததே. அதில் ஒரு படத்திற்கு 625 வரிகள். கண்ணுக்குப் புலனாகும் 576 வரிகளில் பாதியான 288 முதலிலும், எஞ்சிய 288 நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவாகும். மதுரை நெசவாளரின் தறியைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரு மிதியில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாவு நூல்கள் மேலெழும். மறு மிதியில் எஞ்சியவை எழும். இரண்டும் சேர்ந்தே துணி. அவ்வாறே, கேசட்டிலுள்ள ஒவ்வொரு படத்திலும் இரு வேறு கணங்கள் பின்னிக் கிடக்கின்றன. முதற்கணத்தில் பாட்டியின் கை ஓரிடத்தில். மறுகணத்தில் அது சற்றே உயர்ந்த இடத்தில். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் அசைவு இயல்பாய்த் தெரிந்தது. இன்றைய கணினித் திரையோ முழுப் படத்தையும் ஒருசேரக் காட்டுகின்றது. ஆகவே இரு கணங்களும் மோதிப் பற்களாய்த் தோன்றுகின்றன.

இங்கே செய்ய வேண்டுவது, பின்னிய கணங்களைப் பிரித்துத் தனித்தனி முழுப் படங்களாக்குவதே. சிலர் ஒரு பாதியை எறிந்துவிடுவர். பற்கள் மறையும், ஆனால் முகத்தின் நுட்பமும் பாதியாகும். சிலர் இரண்டையும் கலந்துவிடுவர். கைக்கு நிழல்போல் மற்றொரு கை தோன்றும். ஒவ்வொரு பாதியையும் அக்கம்பக்கத்து வரிகளைக் கொண்டு நிரப்பி, நொடிக்கு 50 முழுப் படங்களாக விரிப்பதே நல்வழி. யாதிஃப் போன்ற இலவச மென்பொருள் வடிப்பான்களே இதைச் செய்யும். அசையும் இடத்தையும் அசையாத இடத்தையும் அவை வேறுபடுத்திப் பார்க்கும். எப்பாதி முந்தியது என்பதையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். மாற்றிக் குறித்தால் நடப்பவர் முன்னும் பின்னுமாய்த் துள்ளுவார். பின்னாளில் வந்த சிறிய டி.வி. கேசட்டுகளில் கீழ்ப்பாதியே முந்தியது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

மேற்சொன்ன குடும்பத்தாரின் காட்சியில் மற்றோர் இடரும் நேர்ந்திருந்தது. பிரிக்கும் முன்னரே அப்படத்தைப் பெரிய அளவிற்கு உருப்பெருக்கியிருந்தனர். உருப்பெருக்கும்போது புதிய வரிகள், அக்கம்பக்கத்துப் பழைய வரிகளின் கலவையாகப் பிறக்கின்றன. ஈரச் சாயங்கள் ஒன்றோடொன்று ஊறிய துணியில் நிறங்களை மீண்டும் பிரிக்க இயலுமோ? இரு கணங்களும் அவ்வாறே கலந்துவிட்டன. முதலில் பிரித்தல், அதன் பின்னரே பெருக்குதல் என்பது இத்தொழிலின் தலையாய விதி.

நற்பேறாக, கேசட் இன்னும் அலமாரியிலேயே இருந்தது. நமது இளைஞர் மன்றத்துப் பிள்ளை ஒருவர், பழுதுபார்த்த பழைய வி.சி.ஆர். ஒன்றைத் தேடிக் கொணர்ந்தார். 720-க்கு 576 என்ற அளவிலேயே, பின்னல் குலையாமல், நொடிக்கு 25 படங்களாக மறுபடியும் பதிவு செய்தோம். அந்த மூலப் பதிவைத் தனியே காத்துவிட்டு, அதன் நகலைப் பிரித்து விரித்து, பிறகு பெருக்கினோம். ஆசி வழங்கும் கை முழுமையாய் உயர்ந்து இறங்கிற்று. மணிவிழா காணும் அப்பெரியவர் அக்காட்சியை மும்முறை ஓட்டச் சொன்னார், ஒன்றும் பேசவில்லை.

எல்லாக் காட்சிக்கும் இம்மருந்து பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அக்கேசட்டின் நடுவே திரைப்படப் பாடற்காட்சி ஒன்றைச் சேர்த்திருந்தனர். திரைப்படச் சுருளில் பதிவான ஒவ்வொரு படமும் ஒரே கணத்தைச் சார்ந்தது. அதன் இரு பாதிகளும் ஒரே கணத்தவை. அவற்றை மீண்டும் இணைத்தாலே முழுப்படம் கிட்டும். பிரித்து நிரப்பினால் இருக்கும் தெளிவும் குன்றும். கைபேசிக் காட்சியும் தொடர்வரியே. அதைப் பிரிக்கத் தேவையில்லை. ஆகவே ஆட்கள் அசையும் இடத்தில் நிறுத்தி, படம் படமாக நகர்த்திப் பார்த்து, பற்கள் தெரிந்தால் மட்டுமே மருந்து கொடுக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே தொகுப்பில் சேர்க்கும்போது, தொகுப்பை நொடிக்கு 50 படங்கள் கொண்ட தொடர்வரியாக முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நலம். கைபேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 படங்கள் எடுப்பதால், அவற்றின் அசைவில் சிறு தடுமாற்றம் தோன்றலாம். இனி எடுக்கப்போகும் காட்சிகளை, கைபேசி இடமளிப்பின், 25 அல்லது 50 என்று அமைத்து எடுப்பது சிறப்பு. நமது மின்சாரமும் நொடிக்கு 50 சுழற்சி கொண்டதாதலால், குழல்விளக்கின் அடியில் படம் மினுங்குவதும் குறையும். பழைய காட்சியை அகலத் திரைக்கென இழுத்து முகங்களைப் பருமனாக்கவும் வேண்டா. இருபுறமும் கறுப்பு இருக்கட்டும்.

வாசக அன்பர்களே, வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய், 2016-ஆம் ஆண்டோடு அப்பணியை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. நாடாவில் பூஞ்சையும் படர்கின்றது. ஆகவே காலம் தாழ்த்தாமல் கேசட்டைப் பதிவு செய்யுங்கள். கடைக்காரரிடம், "அளவை மாற்றாமல், பின்னலைக் குலைக்காமல், மூலப் பதிவையும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அதனை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அப்படியும் கேசட்டை எறிந்துவிடாதீர்கள். இன்று பிரிக்க இயலாததை நாளை உங்கள் பிள்ளைகள் செம்மையாய்ப் பிரிக்கக்கூடும்.