தண்டனைக்கும் ஓர் எல்லை உண்டு

பனி என்றால் நமக்குத் தெரிந்தது, விடியற்காலையில் செம்பனை ஓலைகளின்மேல் படர்ந்து, பெரட்டு முடிவதற்குள் மறைந்துவிடும் மூடுபனி ஒன்றே. ஆளுயரம் கொட்டிக் கிடந்து, மாதக்கணக்காய் உருகாத வெண்பனியை நாம் கண்ணால் கண்டோமில்லை. அப்படியிருக்க, அப்பனியிலே நடைபெறும் விளையாட்டொன்றைப்பற்றி நாம் எழுத முற்படுவானேன் என அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளாக, வேலை ஓய்ந்த இரவுகளில், கைபேசியின் சிறு திரையில் அவ்விளையாட்டை நாம் பார்த்து வருகின்றோம். அதன் வேகம் நம்மைக் கவர்ந்தது உண்மையே. எனினும் நம்மைச் சிந்திக்கச் செய்தது, தவறியவனை அவ்விளையாட்டு நடத்தும் விதமேயாகும்.

பயத்லான் என்பது அதன் பெயர். பனியின்மேல் சறுக்கி ஓடுவதும், இடையிடையே நின்று துப்பாக்கியால் இலக்கைச் சுடுவதும் ஆகிய இரண்டும் இணைந்த போட்டி அது. காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டி, கையில் இரு கோல்களை ஊன்றி, மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்துகொண்டு, மேடும் பள்ளமுமான காட்டுப் பாதையில் ஓட வேண்டும். ஓடிக் களைத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும் வேளையில், சுடுமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அங்கே ஐம்பது மீட்டர் தூரத்தில் ஐந்து கரிய வட்டங்கள் காத்திருக்கும். படுத்துச் சுடும்போது வட்டத்தின் குறுக்களவு 45 மில்லிமீட்டர்; அதாவது ஓர் எலுமிச்சம்பழம் அளவு. நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். உரித்த தேங்காய் அளவு எனலாம். ஐந்து குண்டுகள், ஐந்து வட்டங்கள். பட்டால் கரிய வட்டம் வெள்ளையாய் மாறும். படாவிடில் கரியதாகவே நின்று, பார்ப்போர் அனைவருக்கும் அவன் தவறியதை அறிவித்துக்கொண்டிருக்கும்.

வேகமாய் ஓடுவதற்கு மூச்சு இரைக்க வேண்டும். குறி தவறாமல் சுடுவதற்கு மூச்சு அடங்க வேண்டும். ஒன்றுக்கொன்று பகையான இவ்விரண்டையும் ஒரே உடம்பில் சமாதானம் செய்துவைப்பதே இவ்விளையாட்டின் வித்தை.

இதன் பிறப்பு போர்ப் படையிலே. வட ஐரோப்பாவின் பனிநாடுகளில் எல்லைக் காவலர்கள் செய்த பயிற்சியே நாளடைவில் போட்டியாயிற்று. 1924-ம் ஆண்டு ஷாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இராணுவ ரோந்துப் போட்டியாக இது இடம்பெற்றது. தனி வீரர் ஓடும் பயத்லான், 1958-ல் ஆஸ்திரியாவின் ஸால்ஃபெல்டனில் முதல் உலகப் போட்டியையும், 1960-ல் அமெரிக்காவின் ஸ்குவா வாலியில் முதல் ஒலிம்பிக் போட்டியையும் கண்டது.

அந்த 1960-ம் ஆண்டுப் போட்டியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். இருபது கிலோமீட்டர் ஓட்டம், இருபது குண்டுகள். தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் ஓட்ட நேரத்தோடு இரண்டு நிமிடம் கூட்டப்படும். எல்லாரிலும் வேகமாய் ஓடியவர் பிரான்சின் விக்டர் ஆர்பெஸ். ஆனால் அவர் பதினெட்டு குண்டுகளைத் தவறவிட்டார். முப்பத்தாறு நிமிடம் அவர் தலையில் ஏறிற்று. ஓட்டத்தில் அவருக்கு வெகுவாய்ப் பின்தங்கிய ஸ்வீடன் நாட்டு க்ளாஸ் லெஸ்டாண்டர், இருபதும் இலக்கில் பட்டமையால் தங்கப் பதக்கம் பெற்றார். வேகம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பிற்காலத்தில் அந்த இரண்டு நிமிடம் கடுமை என்று கண்டு ஒரு நிமிடமாகக் குறைத்தனர். வேறு சில பந்தயங்களுக்கு அதனினும் நேர்த்தியான ஒரு முறையை வகுத்தனர். அதுவே தண்டனை வட்டம். சுடுமிடத்தின் அருகே 150 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு சுற்றுப்பாதை. ஒரு குண்டு தவறினால் ஒரு சுற்று. மூன்று தவறினால் மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்தளவு செல்லும். சுற்றி முடித்ததும் மீண்டும் பெரும் பாதையில் மற்றவர்களோடு சேர்ந்து ஓடலாம். அதன்பின் அந்தத் தவறைப்பற்றி அவனை எவரும் கேட்பதில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கடன் பற்றெழுதப்பட்டது, உடனே செலுத்தப்பட்டது, வரி அடிக்கப்பட்டது.

நிற்க. இளைஞர்க்கென்றே தனி உலகப் போட்டி 1967 முதல் நடந்து வருகின்றது. முதற் போட்டி அக்காலத்துக் கிழக்கு ஜெர்மனியின் ஆல்டன்பெர்க்கில் நடந்தது. இப்பொழுது 22 வயது வரையிலுள்ளோர் ஒரு பிரிவாகவும், 19 வயது வரையிலுள்ளோர் மற்றொரு பிரிவாகவும் போட்டியிடுகின்றனர். 2022-ல் அமெரிக்காவின் ஸோல்ஜர் ஹாலோ, 2023-ல் கஸக்ஸ்தானின் ஷூச்சின்ஸ்க், 2024-ல் எஸ்தோனியாவின் ஓட்டெப்பா, 2025-ல் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட் என்று ஆண்டுதோறும் இடம் மாறுகின்றது. ஆண்பிள்ளைகளைப் போலவே பெண்பிள்ளைகளும் துப்பாக்கி சுமந்து ஓடுகின்றனர். ஆனால் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1960-ல் திறந்த கதவு, பெண்களுக்கு 1992-ல்தான் திறந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! நாகரிகத்தில் முதிர்ந்தவை எனப்படும் நாடுகளிலும் பெண்கள் காத்திருந்தே உரிமை பெற்றனர் என்பதை நமது சகோதரிகள் மனத்திற் கொள்வார்களாக.

நார்வே நாட்டு ஓலே ஐனார் பியோர்ண்டாலன் 1993-ல் ரூபோல்டிங்கில் நடந்த இளைஞர் போட்டியில் மூன்று பட்டங்கள் வென்றவர். பின்னாளில் ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் பெற்றார். ஆயினும் பதக்கம் பெற்றோரைவிட, பெறாதோரையே நாம் அதிகமாய் உற்று நோக்குகின்றோம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் முதலாவதாய் வந்து நிற்பான். ஐந்தில் நான்கு குண்டுகள் தவறிப்போகும். பிறர் அவனைத் தாண்டிச் செல்ல, அவன் அச்சிறு வட்டத்தில் நான்கு முறை சுற்றுவான். முகம் சிவந்திருக்கும். ஆனால் சுற்றி முடித்ததும் தலை நிமிர்ந்து பெரும் பாதையில் இறங்குவான். அடுத்த முறை ஐந்தும் படும். நமது கண்கள் கலங்கியதுண்டு.

முதிர்ந்த வீரர்க்கும் இது பொருந்தும். 2018-ல் தென் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில், பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட் முதற் பந்தயத்தில் படுத்துச் சுட்டபோதே மூன்று தவறவிட்டு எட்டாவதாய் வந்தார். மறுநாள் நடந்த துரத்துப் பந்தயத்தில் தங்கம் வென்றார். நேற்றைய தவறு நேற்றோடு தீர்ந்தது.

இனி நம்மவர் வழக்கத்தைப் பார்ப்போம். நாமறிந்த இளைஞன் ஒருவன், பத்தொன்பதாம் வயதில் ஒரு கைகலப்பில் சிக்கினான். நீதிமன்றம் எட்டு மாதம் விதித்தது. அவனும் எட்டு மாதத்தைக் கழித்து மீண்டான். அவனுடைய வட்டம் முடிந்ததல்லவா? முடியவில்லை. வேலை கேட்டு அவன் கொடுத்த விண்ணப்பம் நமது மேசைவழியே மேலிடத்துக்குப் போயிற்று. “சிறை சென்றவன்” என்னும் ஒரு சொல்லோடு திரும்பி வந்தது. உறவினர் வீட்டு மணப்பந்தலில் அவனுக்கு இலை போட்டார்கள்; பக்கத்து இலையில் அமர ஆள் இல்லை. தாய்கூட அவனைப் பெயர் சொல்லி அழைப்பதை மறந்து, “பாவி” என்றே அழைத்தாள். ஒரு நாள் விடியுமுன் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கிருக்கின்றான் என்று இன்றுவரை அவன் தாய்க்கும் தெரியாது.

நீதிமன்றம் கொடுத்தது எட்டு மாதம். நாம் கொடுத்தது ஆயுள்! சட்டத்தைக் கொடியது என்கின்றோம். அதைவிடக் கொடியவர் யார்?

தேர்வில் ஒரு பாடம் தவறிய பையனையும், நிச்சயித்த மணம் முறிந்த பெண்ணையும் நாம் இவ்வாறே நடத்துகின்றோம். பையன் மறு ஆண்டு தேறினாலும் “கோட்டைவிட்டவன்” என்னும் பட்டம் போவதில்லை. பெண்ணோ எக்குற்றமும் செய்யாமலே வாழ்நாள் முழுதும் சுற்றிக்கொண்டிருக்கின்றாள்.

தவறியவனைத் தட்டிக் கொடுத்தால் ஒழுக்கம் கெடாதோ எனப் பெரியோர் சிலர் கேட்பர். நன்றாய்க் கேட்கட்டும். தண்டனையே வேண்டாமென்று நாம் கூறவில்லை. அப்பனிக்களத்தில் எவனுக்கும் மன்னிப்பு என்பதில்லை. சுற்றுகளை எண்ணுவதற்கென்றே ஆட்கள் நிற்கின்றனர். ஒரு சுற்றை ஓடாமல் ஏய்த்தவனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாய் விழும். சலுகை இல்லை, பரிந்துரை இல்லை, பணக்காரன் மகனுக்கும் ஏழை மகனுக்கும் அதே 150 மீட்டர். ஆனால் அது 150 மீட்டரே. 151-வது மீட்டர் கிடையாது. தண்டனைக்கு அளவு இருப்பதனாலேயே தவறியவன் அதை நாணயமாய்ச் செலுத்துகின்றான். அளவில்லாத தண்டனையை எவன் செலுத்தி முடிப்பான்? ஓடிப் போவான், அல்லது கெட்டே போவான். இரண்டையும் நமது தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கண்டுகொண்டுதானே இருக்கின்றோம்?

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டிலோ, லயத்திலோ, சங்கத்திலோ தவறிய இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவன் ஓட வேண்டிய சுற்று எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓடும்போது எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்ததும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். அவன் ஓட வேண்டிய தூரம் இன்னும் நெடிது.