இன்கிரிமென்ட் வேணுமா வேணாமா?

பி.காம் படிக்கிறவங்க கிட்ட இன்கிரிமென்ட்னு சொன்னா சம்பள உயர்வுதான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போறது செஸ் கடிகாரத்தில் வர்ற இன்கிரிமென்ட். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலா சில நொடி கிடைக்கும். பாபி ஃபிஷர் இதுக்கு 1989-ல காப்புரிமையே வாங்கினார். 1992-ல ஸ்பாஸ்கியோட மறுபடி மோதினப்ப இந்த மாதிரி கடிகாரத்துலதான் ஆடினாங்க.

எங்க கல்லூரி செஸ் அணியில் கேப்டன் அண்ணாவுக்கும் எனக்கும் ஒரு மாசமா இதுலதான் சண்டை. பிப்ரவரியில் நாங்க ஒரு ஒருநாள் ரேபிட் போட்டி நடத்தணும். அண்ணா ஆளுக்கு 25 நிமிஷம், இன்கிரிமென்ட் கிடையாதுங்கறார். நான் 15 நிமிஷமும் நகர்த்தலுக்கு 10 நொடியும் கேட்கிறேன்.

பத்து நொடிக்கா இவ்வளவு அலப்பறைன்னு கேப்பீங்க. போன வருஷம் வேற ஒரு கல்லூரியில் ஆடினேன். கடைசி ரவுண்ட். போர்டுல எனக்கு ஒரு ரூக், அவருக்கு ஒரு ரூக் (வீட்ல யானைன்னு சொல்வோமே, அதுதான்), ரெண்டு ராஜா. சிப்பாய் ஒண்ணுகூட இல்லை. சின்னப் பசங்களுக்குக்கூட தெரியும், அது டிரா. ஆனா என் கிட்ட 40 நொடி, அவர் கிட்ட மூணு நிமிஷம். டிரா கேட்டேன். "ஆடுங்க ப்ரோ"ன்னுட்டார். கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டா, "அந்த விதி இந்தப் போட்டிக்கு அறிவிக்கலை, தொடருங்க"ன்னார். கொஞ்ச நேரத்துல என் நேரம் முடிஞ்சுது. அரைப் புள்ளி போச்சு, அதோட பரிசுப் பட்டியலும் :(

விதிப்படி அவர் சொன்னது சரிதான், அதுதான் கடுப்பு. நேரம் தீர்ந்தா தோல்வி. எதிராளியால எந்த வழியிலயும் மேட் பண்ணவே முடியாதுன்னாதான் டிரா. ரூக்குக்கு ரூக் நிலையில நாமளே முட்டாள்தனமா போய் மாட்டினா மேட் வரும், அதனால அந்தச் சலுகை கிடையாது.

முன்னாடி ஃபிடே விதிகள்ல 10.2-ன்னு ஒண்ணு இருந்தது. ரெண்டு நிமிஷத்துக்குக் கீழ வந்தா, "எதிராளி ஜெயிக்க முயற்சியே பண்ணலை, சும்மா கடிகாரத்தை வெச்சு ஜெயிக்கப் பாக்கறார்"னு டிரா கேட்கலாம். 2014-ல அதை முக்கிய விதிகள்ல இருந்து எடுத்து பின்னிணைப்புக்குத் தள்ளிட்டாங்க. முன்கூட்டியே அறிவிச்சாதான் செல்லும், அதுவும் இன்கிரிமென்ட் இல்லாத ஆட்டத்துக்கு மட்டும். அந்த விதி இருந்தப்பவும் நிம்மதி இல்லை. ஜெயிக்க முயற்சி பண்றாரா இல்லையான்னு ஆர்பிட்டர்தான் முடிவு பண்ணணும். ஒரே நிலைக்கு ஒரு ஆர்பிட்டர் டிரா தருவார், இன்னொருத்தர் "இன்னும் கொஞ்சம் ஆடுங்க, பாக்கறேன்"பார்.

50 நகர்த்தல் விதி, மூணு தடவை ஒரே நிலை வந்தா டிரா, இதெல்லாம் இருக்கேன்னு கேட்கலாம். இருக்கு. ஆனா நிரூபிக்கணுமே? 30 நொடி இன்கிரிமென்ட் உள்ள பெரிய ஆட்டங்கள்ல கடைசி வரைக்கும் எழுதியே ஆகணும், அதனால தாள்ல கணக்கு இருக்கும். ரேபிட்ல யாரும் எழுதறதில்லை. 75 நகர்த்தல் ஆனா ஆர்பிட்டரே டிராவா முடிக்கணும்னும் விதி இருக்கு. இருபது போர்டுக்கு ஒரு ஆர்பிட்டர், யார் எண்ணுவாங்க?

பத்து நொடி இருந்தா இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். ரூக்கை நிதானமா நகர்த்திக்கிட்டே இருப்பேன். எதிராளியே சலிச்சுப் போய் கை கொடுத்துடுவார்.

அண்ணா சும்மா இல்லை. "2024 உலக சாம்பியன்ஷிப்லயே குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் முதல் 40 நகர்த்தலுக்கு இன்கிரிமென்ட் இல்லையேடா"ன்னார். அந்த 40-க்கு ரெண்டு மணி நேரம் குடுத்தாங்கண்ணா, 41-ல இருந்து 30 நொடியும் வந்துடுச்சேன்னேன். அதுக்கு பதில் இல்லை :)

ஆனா அடுத்த கேள்விக்கு என் கிட்ட பதில் இல்லை. 25 நிமிஷம்னா ஒரு ரவுண்ட் 50 நிமிஷத்துல கண்டிப்பா முடியும். என் கணக்குல 60 நகர்த்தல் ஆட்டம் அதே 50 நிமிஷம்தான். யாராவது 120 நகர்த்தல் இழுத்தா 70 நிமிஷம். ஆறு ரவுண்ட்ல ரெண்டு தடவை அப்படி ஆனா, மொத்த ஹாலும் ஒரு போர்டுக்காகக் காத்திருக்கும். வெளியூர்ப் பசங்க பஸ்ஸைக் கோட்டை விடுவாங்க.

ராத்திரி காஸ்ட் அக்கவுன்டிங் நோட்டோட கடைசிப் பக்கத்துல போட்டுப் பாத்தேன். 15 நிமிஷம், 5 நொடின்னு வெச்சா 120 நகர்த்தலுக்கும் ஆளுக்கு 25 நிமிஷம்தான்! அஞ்சு நொடியில ரூக்கை நகர்த்தறது கொஞ்சம் பதட்டம்தான், ஆனா முடியும்.

காலையில காட்டினேன். அண்ணா ரெண்டு தடவை கூட்டிப் பாத்தார். "கணக்கு சரி. ஆனா ஆளாளுக்கு அவங்க கடிகாரத்தைத்தானே கொண்டு வர்றாங்க, பாதி பேர் முள்ளு கடிகாரம் தூக்கிட்டு வருவான். அதுல எப்படிடா அஞ்சு நொடி ஏத்துவ?"

விடுதியில மொத்தம் எத்தனை டிஜிட்டல் கிளாக் இருக்குன்னு சனிக்கிழமை எண்ணப் போறோம். உங்க கிட்ட இருந்தா சொல்லுங்க மக்களே, ஒருநாள் கடனாப் போதும்.